சைபர் காட்டும் பெட்டி

அன்புள்ள அம்மாவுக்கு, மகள் இலக்கியா கடலூரிலிருந்து எழுதுவது.

வாளியில் தண்ணீர் ஏற ஏற, திரையில் சைபர் அப்படியே நின்றது. நான் முதலில் கவனித்தது அதைத்தான். சென்சாரின் குழாய் கழுத்துவரை மூழ்கிவிட்டது. அப்போதும் சைபர்.

மாமாவின் பெட்டியைக் கேட்காமல் ஏன் எடுத்து வந்தாய் என்று வெள்ளிக்கிழமை போனில் கத்தினாய். போனில் எனக்குக் கோவையாகப் பேச வராது என்று உனக்குத் தெரியும், அதனால் எழுதுகிறேன். அமராவதி அக்கா லீவு முடிந்து நீ இருக்கும் குவைத்துக்கே திரும்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். வேலை முடித்துத் தனியாக இருக்கும்போது படி.

அப்பா நன்றாக இருக்கிறார். முதுகுவலி மாத்திரை போட்டால் இன்னமும் அடித்துப்போட்ட மாதிரிதான் தூங்குகிறார். போன மழையில் கெடிலம் ஆறு தெருவுக்குள் வந்தபோது, கடைசி வீட்டு பட்டம்மாள் அத்தைதான் அவரைக் கட்டிலோடு வெளியே இழுத்தார். உன்னிடம் அப்போது யாரும் முழுதாகச் சொல்லவில்லை. கட்டில் சட்டம்வரை தண்ணீர் வந்திருந்தது.

அதற்குப் பிறகுதான் பட்டம்மாள் அத்தை சிதம்பரத்துக்கு வந்து மாமாவிடம் ஒரு பெட்டி செய்து தரச் சொன்னார். ஆற்றில் சென்சார், அத்தை வீட்டுச் சுவரில் பெட்டி. தண்ணீர் ஏறினால் சங்கு ஊத வேண்டும்.

மாமாவின் ப்ராஜெக்ட் சென்டரில் என்ன நடக்கிறது என்று உனக்குத் தெரியாது. பத்தாவதோடு நின்றவள் தம்பியிடம் இருந்தாலாவது கம்ப்யூட்டர் கற்றுக்கொள்வாள் என்று அனுப்பினாய். முதலில் பைண்டிங் போட்டேன், பிறகு புரோகிராமை ஓடும்படி தொகுக்கிற பில்டு வேலைக்கும் விட்டார்கள். கடைசி வருஷக் காலேஜ் பிள்ளைகள் ப்ராஜெக்ட் வாங்க வருவார்கள். ரிவ்யூ நாளில் அவர்களுடைய சார் திரையை மட்டும்தான் பார்ப்பார். எர்ரர் இல்லாவிட்டால் மார்க். அதனால் எந்த எர்ரர் போகவில்லையோ அங்கே மாமா, வேலை எதுவும் செய்யாமல் பெயருக்கு மட்டும் இருக்கும் ஒரு காலி ஃபங்ஷன் எழுதிவிடுவார். சென்டரில் அதற்குப் பெயர் 'காலி டப்பா'.

நம் தெருப் பெட்டிக்கும் ஒரு எர்ரர் வந்தது. புரியும்படி சொல்கிறேன். புரோகிராமை முதலில் கம்பைலர் வாசிக்கும். தண்ணீர் அளவைப் படிக்க ஒரு ஃபங்ஷன் இருக்கிறது என்று சொன்னால் போதும், நம்பிவிடும். அடுத்து வரும் லிங்கர் நம்பாது. பெயர் சொன்னாயே, ஆள் எங்கே, கூட்டிவந்து காட்டு என்று நிற்கும். அந்த ஆள் சென்சார் கடைக்காரர் கொடுத்த லைப்ரரி என்ற ஃபைலுக்குள் இருந்தான். ஆனால் அது வேறு வகைக் கம்ப்யூட்டருக்கானது. நம் பெட்டிக்குள் இருக்கும் போர்டுக்குப் பொருந்தவில்லை, தள்ளிவிட்டேன் என்று லிங்கர் மேல்வரியில் எழுதியிருந்தது. மாமா கடைசி வரியை மட்டும்தான் படிப்பார்.

கடைக்காரர் கொடுத்த பென்டிரைவிலேயே லைப்ரரியின் மூல நிரலும் இருந்தது. அதை நம் போர்டுக்கு ஏற்றபடி, புரோகிராம் ஓடும்போது வெளியிலிருந்து எடுத்துக்கொள்ளும் ஷேர்டு லைப்ரரியாக பில்டு செய்து சேர்த்தேன். எர்ரர் போய்விட்டது. சந்தோஷமாகத்தான் வாளியை எடுத்துவந்தேன். சைபர்.

பிறகு புரோகிராமுக்குள் இருக்கும் பெயர்களையெல்லாம் வரிசையாக எடுத்துப் பார்த்தேன். வெளியிலிருந்து வர வேண்டிய பெயருக்கு எதிரே U என்று இருக்க வேண்டும். T என்று இருந்தது. ஆள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான் என்று அர்த்தம். நான் லைப்ரரியோடு மல்லாடிக்கொண்டிருந்தபோது மாமா சத்தமில்லாமல் காலி டப்பாவை எழுதி வைத்திருக்கிறார். யார் கேட்டாலும் சைபர் என்று சொல்லும், அவ்வளவுதான். உள்ளே ஒன்று இருந்தால் லைப்ரரியில் இருப்பதை யாரும் கூப்பிடுவதில்லை. லிங்கரும் ஒரு வார்த்தை சொல்லாது.

மாமாவிடம் போய்ச் சொன்னேன். வடை தின்றுகொண்டிருந்தார். எண்ணெய் விரலைத் திரைமேலேயே வைத்து, "சைபர் நல்லதுதாண்டி. ஆத்துல தண்ணி இல்லன்னு அர்த்தம்" என்றார்.

"அங்க எங்கப்பா படுத்திருக்காரு மாமா" என்றேன்.

"மச்சான எழுப்ப அலாரம் எதுக்கு? ஒரு குவாட்டர மூக்குகிட்ட தெறந்து காட்டு, தானா எழுந்திரிப்பாரு."

சென்டரில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பா குடியை விட்டது மாமாவுக்குத் தெரியும். திரையில் அந்த எண்ணெய்க் கறையைத் துடைக்கக்கூடக் கை போகவில்லை. அன்று மதியம் மாமா வீட்டு அத்தை போட்ட சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே வைத்துவிட்டேன்.

மறுநாள் காலி டப்பாவை அழித்துவிட்டு பில்டு செய்தேன். ஓடத் தொடங்கும்போதே லைப்ரரி ஃபைலைக் காணோம் என்று நின்றது. அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் புரோகிராமுக்குள்ளேயே சொல்லி வைத்தேன். குழாயை முக்கினேன். எண் ஏறியது, சங்கு ஊதியது. மாமா பாராட்டுவார் என்று நினைத்தேன். நீயும் அப்படித்தான் நினைத்திருப்பாய். ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறந்துவைக்கக் கவுன்சிலர் வருகிறார், போட்டோ எடுக்கும்போது உன் புரோகிராம் மக்கர் பண்ணினால் யார் பதில் சொல்வது, பழையதையே போட்டு வை என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

நான் போடவில்லை. பெட்டியைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு கடலூர் பஸ் ஏறினேன். பட்டம்மாள் அத்தையும் நானும் சென்சாரை ஆற்றில் இறக்கிவிட்டு, பெட்டியை ஏணி வைத்துச் சுவரில் மாட்டினோம். இப்போது ஆற்றில் முழங்கால் அளவு என்று காட்டுகிறது. அத்தை இறங்கிப் பார்த்தார், முழங்கால்தான்.

பெண்ணாடம் பக்கம் ஒரு கரும்புத் தோட்டத்துக்கு மோட்டார் தானாக நிற்கும் பெட்டி ஒன்று சென்டரிலிருந்து போயிருக்கிறது. அதற்குள் என்ன இருக்கிறதோ. சென்டரின் போன் எண்ணைக்கூட என் போனிலிருந்து எடுத்துவிட்டேன்.

உன் கூடப்பிறந்தவர்தான், நான் அதை மறக்கவில்லை. நீ அங்கே யார் யார் வீட்டுப் பாத்திரத்தையோ கழுவிக்கொண்டு இருக்கும்போது, அவர்தான் எங்களுக்குத் துணை என்று நம்பிக்கொண்டிருக்கிறாய். ஆனால் அவரிடம் மன்னிப்புக் கேள் என்று மட்டும் சொல்லாதே. எனக்காக நீயும் கேட்காதே அம்மா. உடம்பைப் பார்த்துக்கொள். வெயிலில் மொட்டைமாடி கழுவச் சொன்னால் தலையில் துணி போட்டுக்கொள்.

நேற்று மாமா பைக்கில் வந்தார். தெருவே பார்க்க, திருடி என்றார், அதைக் கழற்றிக் கொடு என்றார். வீட்டுக்கு வந்தவர் என்று சொம்பில் தண்ணீர் கொடுத்தேன். குடித்தார். சொம்பை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, பட்டம்மாள் அத்தை வீட்டுக்குப் போய், பெட்டிக்குக் கீழே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

உன் மகள்
இலக்கியா