ஜெபச் சங்கிலியில் என் எண்

மார்ச் 7, 1966

என் கட்டுரை சபைப் பத்திரிகையில் வந்துவிட்டது. காலையில் ரொட்டி வாங்கப் போனேன். கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்குள் படித்துவிட்டாரா? படித்திருக்க மாட்டார். இந்த ஊரில் யாரோ ஒருவர் படித்தால் போதும், மற்றவர்களுக்குத் தானாகக் கோபம் வந்துவிடும்.

நான் எழுதியது இதுதான்: மேலே உட்கார்ந்து நம்மை மேய்த்துக்கொண்டிருந்த கடவுள் செத்துவிட்டார். சிலுவையில் தன்னை முழுசாகக் கொட்டிவிட்டார், வானத்தில் மிச்சம் வைக்கவில்லை. இத்தனை வருடமாக இதே கல்லூரியில் பெண்களுக்கு இறையியல் சொல்லித் தருகிறேன். அன்பில்லாமலா எழுதுவேன்? வீட்டு மனிதர் இறந்துபோனதைச் சொன்னவளைப் பார்த்து, நீதான் விஷம் வைத்தாய் என்கிறார்கள்.

மார்ச் 15

இன்று சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. பிறகு அழுதேன் — அதையும் எழுதிவிடுகிறேன்.

எங்கள் மெதடிஸ்ட் சபைப் பெண்களுக்கு ஒரு ஜெபச் சங்கிலி உண்டு. யாருக்காவது ஜெபம் வேண்டுமென்றால் ஓப்பல் எனக்குப் போன் செய்வாள், நான் யூனிஸ் அக்காவுக்கு, அவர் அடுத்த ஆளுக்கு. ஓப்பல் பக்கத்து வீட்டுக்காரி. அவள் கணவர் கல்லூரி நிர்வாகக் குழுவில் இருக்கிறார். இன்று பழக்க தோஷத்தில் என் எண்ணையே சுழற்றிவிட்டாள். நான் எடுத்ததும் ஒப்பிக்க ஆரம்பித்தாள்.

"ஆர்டித் பெல் விசுவாசத்தை விட்டுட்டா. அவ மனசு திரும்பணும்னு எல்லாரும்—"

"சொல்லு ஓப்பல், கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"ஐயோ... ஆர்டித்தா?"

"பின்ன? சங்கிலி அறுந்துடக் கூடாதுல்ல. நான் அடுத்த ஆளுக்குச் சொல்லிடறேன்."

யூனிஸ் அக்காவுக்குப் போன் போட்டு அப்படியே சொன்னேன்.

"எந்த ஆர்டித்?" என்றார் யூனிஸ் அக்கா.

"நான்தான்க்கா."

"உனக்கு என்னடி ஆச்சு?"

"கடவுள் செத்துட்டார்க்கா."

"அடப் பாவமே. பொரிச்ச கோழி கொண்டு வரவா?"

எங்கள் ஊரில் சாவு விழுந்த வீட்டுக்குக் கோழிதான் போகும். என்னைத் துக்கக்காரியாக மதித்தவர் அவர் ஒருவர்தான். அதற்குத்தான் அழுதேன்.

மார்ச் 29

கல்லூரித் தலைவர் கிரேடி கூப்பிட்டனுப்பினார். "கட்டுரையை வாபஸ் வாங்கக்கூட வேணாம். பட்டமளிப்பு விழாவுல ஆரம்ப ஜெபத்தை நீங்க சொல்லிடுங்க. எல்லாரும் மறந்துடுவாங்க."

"நம்பாம சொன்னாப் பரவாயில்லையா?"

"பாதிப் பேர் அப்படித்தான் சொல்றாங்க, மிஸ் பெல்."

கெட்ட மனிதர் இல்லை. அதுதான் எரிச்சல். வேலை போனால் கல்லூரி கொடுத்த இந்த வீடும் போகும். இந்த வயதில் எங்கே போவேன்? தெரியாது. ஆனால் பொய் ஜெபம் சொல்ல மாட்டேன். கடவுள் இருந்தால் அது அவருக்கு அவமானம். செத்திருந்தால் பிணத்தின் முன் பல்லிளிப்பது. மாட்டேன்னா மாட்டேன்.

ஏப்ரல் 8, பெரிய வெள்ளி

இன்று ஊரே கோயிலில் உட்கார்ந்து அவர் செத்துப்போனார் என்று பாடியது. நான் சொன்னால் மட்டும் குற்றம்.

ஏப்ரல் 21

வேலை போய்விட்டது. மே முடிவதற்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். நிர்வாகக் குழுவில் என்னை அனுப்பிவிட முதலில் கை தூக்கியவர் ஓப்பலின் கணவராம். ஜெபச் சங்கிலியிலிருந்தும் என்னை நீக்கிவிட்டார்கள். வேலியோரம் ஓப்பலைப் பார்த்ததும் கேட்டேவிட்டேன்.

"என்னைத் தூக்கிட்டியாமே?"

"என் புள்ள வெய்ன் வியட்நாம்ல இருக்கான். மேல ஒருத்தர் அவனைப் பார்த்துக்கணும் எனக்கு. இல்லேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியாதடி."

அவள்மேல் கோபம் வரவில்லை. ஆனால் எழுதியதில் ஒரு வரியையும் மாற்ற மாட்டேன்.

மே 12

புத்தகங்களைக் கட்டினேன். பைபிளை மேலாக வைத்தேன். வைப்பேன். யார் கேட்பது?

மே 20

காலையில் ஓப்பல் வீட்டு வாசலில் ராணுவக் கார் வந்து நின்றது. அது போன கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது.

"ஆர்டித். வெய்ன் போயிட்டான்."

"இதோ வரேன்."

"எல்லாரும் வருவாங்க. ஆண்டவர் சித்தம்பாங்க. நீ ஒருத்திதான் அதைச் சொல்ல மாட்டே. அவங்களுக்கு முன்னாடி வா."

செருப்புகூடப் போடாமல் ஓடினேன். சமையலறையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். போதகர் வந்தார், தொண்டையைச் செருமினார். ஓப்பல் என் கையை நெரித்தாள்.

"வேணாம் பாஸ்டர். சொல்லாதீங்க."

சங்கிலிக்குச் சொல்ல அவளால் முடியவில்லை. நான்தான் யூனிஸ் அக்காவுக்குப் போன் செய்தேன்.

"என்னன்னு ஜெபம் பண்றது ஆர்டித்?"

"தெரியலக்கா. நீங்க பண்ணுங்க. நான் இங்க இவ கூட இருக்கேன்."

"கோழி?"

"கொண்டு வாங்கக்கா. நிறையக் கொண்டு வாங்க."