விசேஷமில்லாத நாளின் பட்டு

ஜனவரி 12, ஞாயிறு

நாளை போகி, காப்புக்கட்டு. பழைய துணிகளைக் கழிக்கலாம் என்று பீரோவைத் திறக்கப் போனேன். கைப்பிடியைத் தொட்டதுமே கதவு தானாகத் திறந்து மேல்தட்டுச் சேலைகள் அட்டைப்பெட்டிகளோடு தலையில் விழுந்தன. நெற்றியில் சின்ன வீக்கம்.

எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பினேன். ராமர் பச்சை, மாம்பழக் கலர், அரக்கு, மயில்கழுத்து, கத்திரிப்பூ, வெங்காயக் கலர். படுக்க இடமில்லை. அத்தனையும் போன பொங்கலுக்குப் பிறகு வாங்கியவை. நானா இவ்வளவும் வாங்கினேன்?

நான்தான். எங்கள் சொந்தத்தில் இப்போதெல்லாம் கல்யாணம் என்றால் பத்திரிகைக்கு முன்னால் கலர் வந்துவிடுகிறது. குடும்ப வாட்ஸப் குழுவில், பெண் வீட்டார் எல்லோரும் இந்தக் கலர் என்று ஒரு படம். கட்டைவிரல் போட்டுவிட்டுக் கடைக்கு ஓட வேண்டும். காதுகுத்துக்கு ஒன்று, சீருக்கு ஒன்று, கிரகப்பிரவேசத்துக்கு ஒன்று. ஒருமுறை கட்டியதை மறுமுறை கட்டினால், "இது ராசிபுரத்துக் கல்யாணத்துச் சேலை தானே?" என்று யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். ஆகவே பீரோ.

ஆபீசுக்கு மட்டும் அதே சாயம்போன சிந்தெடிக் சேலைகள். முந்தானை ஓரம் நூல் பிரிந்ததை ஊக்கு குத்தி மறைத்துப் போகிறேன். பட்டு வைத்திருப்பவள் ஊக்கு குத்திக்கொண்டு போகிறாள். இதற்கு என்ன பெயர்?

எது எந்த விசேஷத்துக்குக் கட்டியது என்று மறந்துபோனதால் போனில் குடும்பப் படங்களைத் தேடினேன். பச்சையில் எல்லோரும் இருக்கிறார்கள். அரக்கில் எல்லோரும் இருக்கிறார்கள். நான் இல்லை. ஒன்றிலும் இல்லை.

ஏன் என்று யோசிக்கவே வேண்டாம். மண்டபத்து அறையில் நகைப்பையோடு உட்கார்ந்திருந்தது நான்தானே. நாற்பத்து மூன்று வயது, கல்யாணம் ஆகாதவள், பின்னால் ஓட பிள்ளைகள் இல்லை. "அக்கா, செத்த பாத்துக்கோக்கா, தாலி கட்டறத பாத்துட்டு ஓடியாந்தர்றோம்." ஒரே ஒரு படத்தில் கதவிடுக்கில் மயில்கழுத்துக் கலரில் ஒரு முழங்கை தெரிகிறது. அது என்னுடையது என்றுதான் நினைக்கிறேன்.

ஜனவரி 13, திங்கள்

பூளைப்பூ, வேப்பிலை, ஆவாரம்பூ கட்டியாயிற்று. கழிக்க ஒரு துணி கிடைக்கவில்லை. பழசு ஆபீசுக்கு வேண்டும், புதுசு விசேஷத்துக்கு வேண்டும்.

ஜனவரி 19, ஞாயிறு

முடிவு செய்துவிட்டேன். நாளையிலிருந்து பட்டு. விசேஷம் வரும்வரை காத்திருக்கப் போவதில்லை. வந்தால் மட்டும் என்ன, அறைக்குள்தானே இருக்கப் போகிறேன்.

ஜனவரி 20, திங்கள்

ராமர் பச்சை. நாமக்கல் பஸ் நிறுத்தத்தில் எனக்கு இடம் விட்டு எல்லோரும் தள்ளி நின்றார்கள். கண்டக்டர், "கல்யாண கோஷ்டி எல்லாம் ஏறியாச்சுங்களா?" என்று கேட்டார். நான் ஒருத்திதான் கோஷ்டி.

எங்கள் ஆபீஸ் முட்டை வியாபார ஆபீஸ். காலையில் கேரளாவுக்கு லாரி ஏற்றும் நேரம். முட்டை அட்டைகளுக்கு நடுவே ஜரிகை மின்ன நான் நடந்து போனபோது லோடு ஏற்றுகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். பக்கத்து மேசை அன்புச்செல்வி, "என்னக்கா விசேசம்?" என்றாள். "ஒன்னுமில்லடி" என்றேன். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பை நான் கவனித்திருக்க வேண்டும்.

ஜனவரி 21, செவ்வாய்

மாம்பழக் கலர். எதிர்வீட்டு பெரியநாயகியம்மா கோலமாவுக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று பார்த்தார்.

ஜனவரி 24, வெள்ளி

எனக்கு மாப்பிள்ளை பார்த்தாகிவிட்டது. அன்புச்செல்வி சொல்லித்தான் எனக்கே தெரியும். அவளுக்கு அவள் மாமியார் சொன்னாராம், மாமியாருக்குப் பெரியநாயகியம்மா. லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறாராம். முதல் சம்சாரம் தவறிவிட்டாராம். சாதுவாம்.

"அப்படியெல்லாம் ஒன்னுமே இல்லடி" என்று சத்தியம் செய்தேன். ஆபீசே திரும்பிப் பார்த்தது. பிறகு எல்லோரும் ஒரே குரலில், "வெக்கத்தப் பாரு!"

ஜனவரி 28, செவ்வாய்

சென்னையிலிருந்து சித்தி மகள் போன் செய்தாள். "மாப்பிள்ள பாடி பில்டிங் பண்றாராமே, இந்த வயசுல ஜிம்முக்கா போறாரு?" என்று கேட்டாள். லாரி பாடி என்று விளக்கினேன். விளக்கி முடித்தபின்தான் என்ன செய்திருக்கிறேன் என்று புரிந்தது. இல்லாத மனுஷருக்குத் தொழில் விவரம் சொல்லியிருக்கிறேன்!

ஜனவரி 31, வெள்ளி

முதலாளி அர்த்தநாரி கூப்பிட்டனுப்பினார். தொண்டையைக் கனைத்து, கண்ணாடியைக் கழற்றி, மறுபடி மாட்டினார்.

"ஏனுங்மா, நல்ல சேதிதான். சந்தோசமுங்க. ஆனா மார்ச் கணக்கு முடியற வரைக்கும் முகூர்த்தத்தத் தள்ளி வெக்க முடியுங்களா?"

"முகூர்த்தமே இல்லைங்க சார்."

"அதத்தானுங் நானும் சொல்றேன். இன்னும் குறிக்கலன்னா ஏப்ரல்ல குறிச்சுக்கலாம்."

வெளியே வந்தேன். மேசைமேல் ஒரு சுவர்க்கடிகாரம். வண்ணக்காகிதம் சுற்றி, "மணமக்களுக்கு ஆபீஸ் நண்பர்கள்" என்று எழுதியிருந்தது. திருப்பிக் கொடுத்தேன். வாங்கவில்லை. காகிதத்துக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறது.

பிப்ரவரி 3, திங்கள்

கத்திரிப்பூ. மறுப்பதை நிறுத்திவிட்டேன். வாய் வலிக்கிறது.

பிப்ரவரி 9, ஞாயிறு

என்னத்தச் சொல்றது. தம்பி மோகன்குமார் மாடிக்கு வந்தான். அவனும் அவன் மனைவி நர்மதாவும் கீழே, நான் மேலே. அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். வந்தவன் உட்காரவில்லை.

"ஊரே சொல்லுது. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லோணும்னு தோணலயா? சரி, உடு. நானே விசாரிச்சுட்டு வந்துட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "யாரடா விசாரிச்ச?"

"உன்ற மாப்பிள்ளையத்தான். திருச்சி ரோட்டுல ஒவ்வொரு பட்டறையா ஏறி எறங்குனேன். எனக்குப் புடிக்கலக்கா. ஆளு குடிக்கறானாம்."

இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. யாரோ என் வீட்டு ஆளைப் பேசியது போல.

"அவரு அதெல்லாம் தொட மாட்டாரு" என்றேன்.

"உனக்கென்ன தெரியும்? முன்கோபமும் வேற உண்டாம்."

"ஒருநாளும் இல்ல. எங்கிட்ட ஒரு வார்த்த அதிர்ந்து பேசுனதில்ல."

அது உண்மைதானே. பேசியதே இல்லையே.

படிக்கட்டில் நின்றிருந்த நர்மதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. அதைப் பார்த்ததும் என் கோபம் இறங்கிவிட்டது. கட்டிலில் உட்கார்ந்தேன்.

"மோகனு, அப்படி ஒருத்தரே இல்லடா."

"என்ன சொல்ற?"

"மாப்பிள்ளயே கெடையாது. நா சேல கட்டுனேன். அவ்வளவுதான். மீதிய ஊருதான் கட்டுச்சு."

அப்போதுதான் அவனும் உட்கார்ந்தான். பிறகு மெதுவாக, "அப்ப நா யாரப் பத்தி விசாரிச்சேன்?" என்றான். பாவம், நிஜமாகவே குழம்பிப்போயிருந்தான். "ஒருத்தன் போன் நம்பரே குடுத்தானேக்கா. அடிச்சேன். எடுக்கல."

"எதுக்கு இந்தக் கூத்து? பட்ட எதுக்கு ஆபீசுக்குக் கட்டோணும்?" என்று பிறகு கேட்டான். படங்களைப் பற்றிச் சொன்னேன். முழங்கையைப் பற்றியும். அவனுக்குப் புரிந்த மாதிரி இல்லை. "அடுத்த கல்யாணத்துல உன்னத் தனியா நிக்க வெச்சு எடுக்கச் சொல்றேன்" என்றான். அது இல்லடா. அது இல்ல.

நர்மதா மட்டும் உள்ளே வந்து, என் கட்டிலில் கிடந்த வெங்காயக் கலர் சேலையை எடுத்து, மடிப்பு மாறாமல் மடித்து வைத்துவிட்டுப் போனாள்.

பிப்ரவரி 11, செவ்வாய்

கல்யாணம் நின்றுவிட்டது. தம்பி குறுக்கே விழுந்து நிறுத்திவிட்டானாம். பெரியநாயகியம்மா ஒரு தூக்கில் அரிசிம்பருப்புச் சாதம் கொண்டுவந்து கொடுத்து, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"மனசத் தளர உடாத சாமி. நல்ல மனுசன். நா ஒருக்கா தூரத்துல இருந்து பாத்திருக்கறேன்."

"எப்படி இருந்தாருங்க?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன்?

"ஒசரமா. உனக்குப் பொருத்தமா."

சாதம் நன்றாக இருந்தது. ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். இருந்தால் உயரமாக இருந்திருப்பார் போலும்.

பிப்ரவரி 12, புதன்

பீரோவுக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். பழசைக் கட்டினால் ஒடிந்துபோய்விட்டாள் என்பார்கள். பட்டு கட்டினால் புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள். வெங்காயக் கலரைக் கட்டினேன்.

ஆபீசில் நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. முதலாளி அரைநாள் லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னார். வேண்டாம் என்றேன். மதியம் சாப்பிடும்போது அன்புச்செல்வி நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டாள்.

"அக்கா, நெசமாலுமே சொல்லு. அவரு எப்படித்தான் உன்ன உட்டாரு?"

"அவரு இல்லவே இல்லடி. ஆரம்பத்துல இருந்தே இல்ல."

என்ன காரணமோ, இந்த முறை நம்பினாள்.

"அப்ப மாப்பிள்ளயே இல்லியா?"

"இல்ல."

"அப்ப இந்தச் சேல?"

"சேல இருக்குது."

அவள் ஜரிகையைத் தொட்டுப் பார்த்தாள். அது சாப்பாட்டுக் கை என்று பிறகுதான் இருவருக்கும் ஞாபகம் வந்தது. சாம்பார் கறை. பரவாயில்லை என்று நான் சொன்னது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

"எங்க பீரோவுலயும் கதவு சாத்த முடியறதில்லக்கா" என்றாள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

காலையில் நர்மதா மேலே வந்தாள். அரக்குப் பட்டு, காதில் ஜிமிக்கி, தலையில் பூ. நாத்தனாரை எங்கள் பக்கம் நங்கையா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"நங்கையா, கெளம்புங்க. ஜேடர்பாளையம் போலாம். மீன் திங்கலாம்."

"என்ன விசேசம்?" என்று நானே கேட்டுவிட்டேன்! பிறகு இருவரும் சிரித்த சிரிப்பில் மோகன் கீழேயிருந்து எட்டிப் பார்த்தான். அவன் கார் எடுத்து வந்தான். ஒன்றும் புரியாத முகத்தோடு.

அணையில் தண்ணீர் நிறைய. வறுத்த மீன் கடையில் பெஞ்சைத் துண்டால் துடைத்து எங்களை உட்காரவைத்தார்கள். நர்மதா முள்ளெடுத்துக்கொண்டே சொன்னாள்: "எனக்கும் பத்து வருசமா விசேசம்னா வேர்த்த ஞாபகந்தான் இருக்குது. வந்தவங்களுக்குப் பந்தி, பாத்திரம். சேல என்ன கலருன்னு நா குனிஞ்சு பாத்ததே இல்ல." பிறகு குனிந்து பார்த்தாள். "அரக்கு" என்றாள்.

அவளைப் பற்றிப் போன வருஷ டைரியில் நான் எழுதியது ஒன்றும் நல்லதாக இல்லை. அந்தக் குழுவில் கலர் படம் போடுகிறவளே அவள்தான் என்று மூன்று பக்கம் திட்டியிருக்கிறேன். போகட்டும்.

பிப்ரவரி 26, புதன்

அன்புச்செல்வி கிளிப்பச்சையில் வந்தாள். அவள் கல்யாணத்துச் சேலையாம். ரவிக்கை பத்தாமல் பக்கத்தில் பிரித்துத் தைத்திருந்தாள். இனிமேல் புதன்கிழமை நம்ம கிழமை என்றாள்.

மார்ச் 2, ஞாயிறு

குழுவில் புதிய கலர் வந்தது. இந்த முறை போட்டது நர்மதா இல்லை. யாரும் கட்டைவிரல் போடும் முன் நான் எழுதினேன்: "இருக்கறதக் கட்டிக்கிட்டு வாங்க." யாரும் பதில் போடவில்லை. சாயங்காலம் நர்மதா ஒரு கட்டைவிரல். பிறகு, எதிர்பார்க்கவேயில்லை, சென்னை சித்தி மகள்.

மார்ச் 5, புதன்

பில் போடுகிற பெண்கள் எல்லோரும் பட்டு. முதலாளி வாசலில் நின்று ஒரு நிமிடம் எங்களைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் கணக்கு நோட்டோடு உள்ளே போய்விட்டார்.

மார்ச் 12, புதன்

முதலாளி பட்டுவேட்டியில் வந்தார். "ஊட்டுல சும்மாதானுங் கெடக்குது" என்றார், யாரும் கேட்காமலே. வேட்டி நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு முட்டை அட்டைகளை எண்ணினார்.

கேரளா லோடு கிளம்ப வேண்டிய நேரம். டிரைவர் மாதையன் தருமபுரிப் பக்கத்து ஆள், அதிகம் பேசமாட்டார். எங்கள் எல்லோரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"ஏம்மா, சாப்பாடு போட்டுட்டுதான் வண்டிய உடுவீங்களா?"

"சாப்பாடெல்லாம் இல்லைங்க. சும்மா கட்டியிருக்கறோம்."

"சும்மாவா?"

"சும்மாதானுங்க."

தலையாட்டிவிட்டுப் போய் கேபினில் ஏறினார். வண்டி கிளம்பவில்லை. என்னவென்று போய்ப் பார்த்தேன். சீட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு துணிக்கடைப் பையை எடுத்துப் பிரித்துக்கொண்டிருந்தார். நீலக் கட்டம் போட்ட புதுச்சட்டை. காலரில் இருந்த அட்டையை உருவி, குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து டேஷ்போர்டில் வைத்தார். போட்டுக்கொண்டு, பக்கக் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

பிறகு வண்டியை எடுத்தார். மடிப்புக் கலையாத கையை வெளியே நீட்டிக்கொண்டே பாலக்காடு போகிறார்.