பின்னால் போன நேரமும் ரொட்டி அடுப்பும்

அன்புள்ள சின்னுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலம், அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. உன் உடம்பும் மனசும் அங்கே நன்றாக இருந்தால் எங்களுக்கு அதுவே போதும். சித்தி வீட்டுக்கு வெள்ளையடித்ததைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அப்பாவுக்கு நம் கூடம் அழுக்காகத் தெரிகிறதாம், பிரஷ் வாங்கப் போய் பல்பு வாங்கி வந்தார்.

போனில் குரல் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டாயே, வேலையிடத்து விஷயம்தான். ரொட்டி அடுப்புக்கு நான் வடிவமைத்த சூட்டுக் கட்டுப்பாட்டை முதலாளி கைவிடுவதாக இருந்தார். சூடு குறைந்தால் சுவிட்ச் அடுப்பைச் சூடாக்கும் கம்பியை எரியவிடும், ஏறினால் அணைக்கும், அவ்வளவுதான். ஆனால் கம்ப்யூட்டரில் நான் ஓட்டிய கணக்கு, ஒரு ஈடு ரொட்டி வேகுவதற்குள் சுவிட்ச் நூற்றுக்கணக்கான தடவை மாறுவதாகக் காட்டியது. அப்படி அடித்துக்கொண்டால் சுவிட்ச் சீக்கிரமே கருகிவிடும். இது அடுப்பாம்மா இல்ல டைப்ரைட்டரா, பேசாம வெளியில வாங்கிடலாம் என்றார் முதலாளி. வெள்ளிக்கிழமை வெளிக் கம்பெனிக்காரரை வரச் சொல்லியும்விட்டார். இரண்டு வருட வேலை, சின்னு, வாய்விட்டுச் சொல்லக்கூட மனம் வரவில்லை.

கணக்கை எப்படிப் புரட்டினாலும் அதே விடை. கடைசியில், அடுப்பின் சூடு எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று சொல்லும் ஃபங்ஷனுக்குள், அதாவது புரோகிராமின் அந்தத் துண்டுக்குள், அதைக் கூப்பிடும்போதெல்லாம் கணக்கில் ஓடும் நேரத்தைத் திரையில் காட்டும்படி ஒரு வரி சேர்த்தேன். நேரம் முன்னால் போனது, பின்னால் வந்தது, நின்ற இடத்திலேயே மறுபடி நின்றது. அப்போதுதான் உறைத்தது. சமன்பாட்டைத் தீர்க்கும் சால்வர் என்ற புரோகிராம் நேராக நடப்பதில்லை, ஒரு எட்டு வைத்துப் பார்க்கிறது, பிழை அதிகம் என்றால் காலைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டு சின்ன எட்டாக வைக்கிறது. நானோ அந்த ஃபங்ஷனுக்குள்ளேயே சுவிட்சை மாற்றி, எண்ணிக்கையையும் கூட்டியிருந்தேன். சால்வர் திரும்பிவிட்டது, மாறிய சுவிட்ச் திரும்பவில்லை. அப்பாவுக்குப் புரியவைக்க, ஒருத்தி வாடகைக்கு வீடு தேடியபோது படியேறிப் பார்த்த வீட்டையெல்லாம் குடிபோன வீடு என்று எழுதினால் எப்படி இருக்கும் என்றேன். உன் தங்கச்சி அப்படித்தானே ஊரெல்லாம் சொன்னா என்றார்.

பிறகு மாற்றி எழுதினேன். ஃபங்ஷன் இப்போது எதையும் நினைவில் வைப்பதில்லை, கேட்டதற்குப் பதில் மட்டும் சொல்லும். சூடு எல்லையைத் தொட்டதும் சால்வரை நிறுத்தி, வெளியே சுவிட்சை மாற்றி, எண்ணிக்கொண்டு, அங்கிருந்து மறுபடி ஓட்டுகிறேன். எண்ணிக்கை பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது. நான் ஆசைப்பட்ட அளவு குறையவில்லை, ஆனால் சுவிட்ச் வருடக்கணக்கில் தாங்கும்.

முதலாளியிடம் போய், முதலில் காட்டியது தப்பு, அது என் தப்பு, அடுப்பின் தப்பு இல்லை என்றேன். நேத்து ஒரு கணக்கு இன்னிக்கு ஒரு கணக்கு, நான் எதை நம்பறது என்றார். அவர் கேட்டதும் நியாயம்தானே. கணக்கை நம்ப வேண்டாம், அடுப்பை மூட்டுங்கள் என்றேன். பக்கத்து ரொட்டிக் கடையிலிருந்து மாவு வாங்கி வந்து, பட்டறையில் இருந்த சோதனை அடுப்பில் வைத்தோம். சுவிட்ச் மாறினால் டக்கென்று சத்தம் வரும். முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டக். வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு டக். மூன்றாவதுக்குக் காத்திருந்து காத்திருந்து அவர் தூங்கிப்போனார். ரொட்டியை வெளியே எடுத்ததும் மணத்தில் விழித்து, ஒரு துண்டு பிய்த்துத் தின்றுகொண்டே வெளிக் கம்பெனிக்காரருக்குப் போன் செய்து, வெள்ளிக்கிழமை வர வேணாம், எங்க வீட்டு அடுப்பே போதும் என்றார். எங்க என்ற அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தே வந்தேன்.

வேளைக்குச் சாப்பிடு, கடைவாய்ப் பல்லை டாக்டரிடம் காட்டுவதை இன்னும் தள்ளிப்போடாதே. நீ கை வைத்ததெல்லாம் துலங்கட்டும், துலங்காத நாளிலும் உனக்குச் சிரிப்பு வரட்டும்.

என்றும் உன் அன்புள்ள
அம்மா