ஒன்பது கிலோ

கிள்ளான், மலேசியா

அன்புள்ள தவமணிக்கு,

நீயும் அப்பாவும் நலமா? அவருடைய முட்டிவலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன். போனில் சொன்னால் உடனே முகத்தைக் காட்டச் சொல்வாய், அதனால் எழுதுகிறேன்.

எங்கள் பட்டறைக்கு ஒரு பந்தயக் கார் வருகிறது. சுபாங் ஜெயாவில் பல் டாக்டராக இருக்கும் கால்வின் பொழுதுபோக்காக ஓட்டுவது. நாலு சக்கரத்துக்கும் அடியில் தராசு வைத்து, ஓட்டுகிறவர் சீட்டில் இருக்கும்போதுதான் அதன் ஸ்பிரிங்கையும் உயரத்தையும் அமைக்க வேண்டும். டாக்டருக்குப் பட்டறைச் சூடு ஆகாதாம். போன வருஷம் அவரும் நானும் ஆளுக்கு எழுபத்திரண்டு கிலோ இருந்தோம். அதனால் இந்தத் தடவையும் முதலாளி சிவநேசன் அவருக்குப் பதிலாக என்னையே உட்காரவைத்தார். இரண்டு மணி நேரம் மணல் மூட்டை மாதிரி கிடந்தேன். சீ, இதெல்லாம் ஒரு பிழைப்பா!

நேற்று டாக்டர் வந்து உட்கார்ந்ததும் எல்லா அளவும் தப்பாக வந்தது. முதலாளி என்னைத் தனியாகத் தராசில் ஏற்றினார். அறுபத்து மூன்று.

"நீ சாப்பிடுறியா இல்லையா? என் செட்டிங்கையே கெடுத்துட்டியே லா!" என்று எல்லார் முன்னாலும் கத்தினார். நான் இளைத்தது அந்த மனுஷனுக்குக் காருக்காகத்தான் உறைத்தது. முகத்தில் விழிக்கவே பிடிக்கவில்லை.

பயப்படாதே, நோய் நொடி ஒன்றுமில்லை. நாங்கள் தங்கியிருக்கும் பண்டமாரான் அறையில் தினமும் அதே எண்ணெய்ச் சோறு, பார்த்தாலே குமட்டுகிறது. உன் தம்பியின் நண்பன் இங்கே வரும்போது பருப்புப்பொடி கொடுத்தனுப்பு.

முதலாளி கூப்பிடுகிறார். டாக்டர் போய்விட்டதால் மறுபடி நான்தான் உட்கார வேண்டும், மடியில் ஒன்பது கிலோ அரிசியோடு.

தீபாவளிச் சட்டையைப் பழைய அளவில் தைக்கக் கொடுத்துவிடாதே.

உன்
கதிரேசன்