கீசர் விற்காத ஊர்

நவம்பர் 8

கழக்கூட்டம் பக்கம் ஒரு பிளாட்டில் கீசர் மாட்டினேன். இருபத்திரண்டு வருஷமாகச் செய்கிற வேலை. வெந்நீர்க் குழாயையும் பச்சைத்தண்ணீர்க் குழாயையும் மாற்றிக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்காரர் முகம் கழுவப் போய் "அம்மோ!" என்று அலறினார். ஆறாவது மாடி. ஹைவேயில் கேட்டிருக்கும்.

கையில் ஸ்பானர், மண்டையில் ஆர்ஷா. மகளுக்கு ஜப்பானில் வேலை. பெப்பு என்று ஒரு ஊர், வெந்நீர் ஊற்று விடுதியாம். மூன்று மாதம் பார்ப்பார்கள். பிடித்தால் மூன்று வருஷம்.

நவம்பர் 9

போனில் அந்த ஊரைக் காட்டினாள். மண்ணுக்குள்ளிருந்து தண்ணீர் கொதித்துக்கொண்டே வருகிறது. சாக்கடை மூடி வழியாகக்கூட ஆவி. அதிலேயே முட்டை அவிக்கிறார்கள்!

"இந்த ஊர்ல ஒரு கீசர் விக்காது மக்ளே."

"அதுக்காக்கும் அப்பா நான் போறது."

எலிசாள் சிரித்ததில் சாயா மூக்கில் ஏறிவிட்டது. கட்டிக்கொண்டு இருபத்தாறு வருஷம், என் ஜோக்குக்கு ஒரு நாள் இப்படிச் சிரித்ததுண்டா?

நவம்பர் 30

விமான நிலையம். பெட்டி ஒரு கிலோ கூடுதல். ஸ்வெட்டரை வெளியே எடுத்தேன், தேங்காயெண்ணெய்க் குப்பியை உள்ளேயே வைத்தேன். "எண்ணெய் தேய்க்காம சுடுதண்ணில இறங்கப்பிடாது, கேட்டியா?" என் பத்தாம் கிளாஸ் படிப்புக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

டிசம்பர் 3

குளிருகிறதாம். ஸ்வெட்டர் என் மடியில்.

ஜனவரி 17

"அப்பா, எல்லாம் போச்சு."

விருந்தாளிகள் குளித்து முடித்ததும் வேலைக்காரர்களும் கல்தொட்டியில் இறங்கலாமாம். வெளியிலேயே சோப்புப் போட்டுச் சுத்தமாகக் கழுவிவிட்டுத்தான் இறங்க வேண்டும். இவளும் கழுவினாள். கழுவிவிட்டு, அப்பா சொன்னாரே என்று உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்துக்கொண்டு இறங்கினாள்! காலையில் தொட்டி முழுக்க மினுமினு.

"ரெண்டு தடவை திறந்துவிட்டு நிறைச்சாச்சு. சுடுதண்ணி ஏற ஏற கல்லுல ஒட்டின எண்ணெய் திரும்ப மிதக்குது. நாளைக்கு மத்தியானம் ஆள் வருது. சரியாகலேன்னா ஊருக்குப் போயிக்கோன்னு முதலாளியம்மா சொல்லிட்டாங்க. என்ன செய்ய?"

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்தேன். தம்பானூரில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு சாயா குடித்தேன். ஒரு பழம்பொரி. இன்னொரு சாயா. அப்புறம் கூப்பிட்டேன்.

"ஊத்துக் குழாயை அடைச்சிட்டுப் பச்சைத்தண்ணியை நிறை. அங்க உள்ள குளிருக்கு எண்ணெய் மெழுகாட்டம் உறையும். சுரண்டி எடு. பொறவு சுடுதண்ணி."

வெந்நீர் வரவேண்டிய இடத்தில் பச்சைத்தண்ணீர் விடுவதில் எனக்கு அனுபவம் இருக்கிறதே.

ஜனவரி 18

தொட்டி தெளிந்துவிட்டது. "உன் அப்பா என்ஜினீயரா?" என்று முதலாளியம்மா கேட்டாளாம். இவளும் ஆமாம் என்றிருக்கிறாள். எலிசாள் அதைச் சர்ச் முழுக்கச் சொல்லிவிட்டாள். பாஸ்டர் வீட்டு மோட்டார் ரிப்பேராம், என்ஜினீயர் நாளைக்கு வரவேண்டுமாம்.

பிப்ரவரி 28

எடுத்துக்கொண்டார்கள். மூன்று வருஷம்.

"அன்னைக்கு அரை மணிக்கூர் மண்டையைக் குடைஞ்சு கண்டுபிடிச்சீங்க அல்லே? இல்லேன்னா நான் இப்ப வீட்டுலதான்."

"அப்பா யாருன்னு நினைச்சே!" என்றேன்.

குடையவெல்லாம் இல்லை. குளிர்காலத்தில் நம் வீட்டு எண்ணெயே குப்பியில் உறையும், இதற்கு யோசனை எதற்கு? அவள் கேட்டு முடிக்கும் முன்பே பதில் தெரியும். சொல்லாமல் விட்டால் பிள்ளை வீட்டுக்கு வந்துவிடுவாளே என்ற ஆசையில்தான் அந்த இரண்டாவது சாயா.