ஏற்றத்தில் கொதித்த கார்

ஜனவரி 19, செவ்வாய்

தங்கை ரோசலின் இன்று போய்விட்டாள். கணவனோடும் பிள்ளைகளோடும் இலங்கையை விட்டுத் திருச்சிக்கு, இனித் திரும்பாத பயணம். நானுஓயாவில் ரயிலேறும் முன் என்னை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று ஆள் அனுப்பியிருந்தாள். போவதென்றுதான் விடியற்காலையில் கிளம்பினேன்.

குளிருக்காக இரவில் காரின் முன்பக்கம் சாக்கு கட்டி வைப்போம். பனி இன்னும் விடவில்லை, சாக்கு இருக்கட்டும் என்று டிரைவர் மாணிக்கத்திடம் நான்தான் சொன்னேன். உடப்புசல்லாவை மலைப்பாதை ஏற்றத்தில் காற்றுப் படாமல் ரேடியேட்டர் கொதித்து, ஆவி கண்ணாடியை மறைத்தது.

"சூடு ஆறாம மூடியத் தொறக்க முடியாதுங்கம்மா, மூஞ்சியில அடிச்சிரும்" என்றான் மாணிக்கம்.

பின்னால் வந்த பஸ் நின்றது. கண்டக்டர் படியில் தொங்கியபடி சிரித்தான்.

"இந்தத் தண்ணியில தேத்தண்ணி போடலாம், ரயிலப் புடிக்க முடியாது. ஏறுங்கம்மா, நேரத்துக்கு எறக்கி விட்டுர்றோம்."

ரோசலின் மணந்ததும் ஒரு பஸ் கண்டக்டரைத்தான். அதற்காகவே இத்தனை வருடம் அவள் வாசலை மிதிக்காமல் இருந்தேன். ஸ்டேஷனில் அவன் கண்ணெதிரே பஸ்ஸிலிருந்து இறங்க எனக்கு மனம் வரவில்லை.

"நீங்க போங்க. எங்க வண்டி இப்ப சரியாகிடும்" என்றேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பிளாட்பாரம் காலி. போர்ட்டரிடம் விசாரித்தேன்.

"பஸ் வந்ததும் அந்தம்மா ஓடிப்போயி, எறங்குன ஒவ்வொரு மொகமா பாத்தாங்க. 'அக்கா பஸ்ஸில எங்க வரப்போறாங்க'ன்னு வீட்டுக்காரர் சொல்லியும் கேக்கலங்க."

அவர் என்னைச் சரியாகத்தான் தெரிந்து வைத்திருக்கிறார்.