பனிஹால் இறக்கம்

மச்சான்,

இன்று காலை பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு பழக்கடையில் ஆப்பிள் பெட்டியை உடைத்துக்கொண்டிருந்தார்கள். மேலே கிடந்த வைக்கோலை உதறியதும் அந்த வாசம் வந்தது. கையிலிருந்த டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நாம் இரண்டு பேரும் ஒரே லாரியை மாற்றி மாற்றி ஓட்டியவர்கள். வடக்கே போனால் பேச்செல்லாம் உன்னுடையது. எனக்கு இந்தி ஒரு வார்த்தையும் வராது. "ரெண்டு வார்த்த கத்துக்கடா, வாய வாடகைக்கா வுட்டுருக்க?" என்பாய். காஷ்மீரில் முதல்முதலாகப் பனியைப் பார்த்த அன்று வண்டியை ஓரங்கட்டினாய். "குன்னத்துல எங்க பருத்திக்காடு வெடிச்சு நிக்கிற மாதிரியே இருக்கு மச்சான்" என்று சிரித்தாய். அதன் பிறகு பனியைப் பார்த்து நாம் சிரித்ததே இல்லை.

அந்தக் கடைசி நடையில் ஆப்பிள் லோடு ஏற்றும்போதே உனக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று எவ்வளவோ சொன்னேன். "சளிதாண்டா. ஜம்மு எறங்கி வெயில் பட்டா சரியாப் போயிடும்" என்றாய். சுரங்கப்பாதையைத் தாண்டி பனிஹால் இறக்கத்தில் வண்டிகள் நின்றுவிட்டன. கீழே மலை சரிந்து சாலையை மூடியிருந்தது. மேலே பனி கொட்டிக்கொண்டே இருந்தது. முன்னும் பின்னும் லாரிகள், அசைய வழியில்லை.

மறுநாள் மதியம் உனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. என் போர்வையையும் சேர்த்துப் போர்த்தினேன். நடுக்கம் நிற்கவில்லை. பின்னால் நின்ற வண்டியின் சர்தார் டிரைவரை இழுத்து வந்து உன்னைக் காட்டினேன். உன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தவர் வெளியே ஓடி இன்னும் இரண்டு டிரைவர்களைக் கூட்டி வந்தார். கீழே ராணுவ முகாம் இருப்பதாகக் கையால் காட்டினார். தார்ப்பாயை மடித்து அதில் உன்னைக் கிடத்தி நான்கு பேரும் தூக்கினோம்.

முழங்கால் வரை பனி. நான் உன் கால் பக்கம் பிடித்திருந்தேன். எப்படியோ உன் சாக்ஸ் ஒன்று கழன்று விழுந்துவிட்டது. நின்று எடுக்க முடியவில்லை. அந்தப் பாதத்தை என் வயிற்றோடு அணைத்துக்கொண்டு நடந்தேன்.

"நம்மூர்ல இப்ப வெயில் அடிக்கும்ல?" என்று கேட்டாய்.

"அடிக்கும்டா, நல்லா அடிக்கும். பேசாம வா."

"வூட்ல ஒண்ணும் சொல்லிடாத."

அதற்குப் பிறகு நீ பேசவில்லை.

முகாமில் டாக்டர் உன் மார்பில் கருவியை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து மெதுவாக ஏதோ சொன்னார். அவர் சொன்னது எனக்கு விளங்கவில்லை. என்ன சொல்கிறார் என்று கேட்க, பழக்கத்தில் உன் பக்கம் திரும்பினேன். சர்தார் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்போதுதான் புரிந்தது.

வாழ்நாளில் விமானம் ஏறாத உன்னை விமானத்தில் அனுப்பினார்கள். பாதை திறக்கும் வரை நான் லாரியோடு மலையிலேயே கிடந்தேன். குன்னத்துக்கு வந்து சேர்ந்தபோது உன் காரியமே முடிந்திருந்தது. எரித்த இடத்தில்கூடச் சாம்பல் இல்லை.

உன் மனைவி எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சுவரோரம் நின்றாள்.

"அண்ணே, கடைசி நேரத்துல ரொம்பக் குளுருச்சாண்ணே அவங்களுக்கு?"

"இல்லம்மா. ஆஸ்பத்திரில நல்ல கதகதப்பான ரூம்பு. தூங்குனாப்லயே போயிட்டான்."

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். இன்றைக்கும் துக்கம் கேட்க வருகிறவர்களிடம் அந்தக் கதகதப்பான அறையைப் பற்றித்தான் சொல்கிறாளாம். அது ஒன்றுதான் அவளுக்கு மிச்சம். அதை நான் எடுக்க முடியாது.

வடக்கே போவதை விட்டுவிட்டேன். அரியலூரில் சுண்ணாம்புக்கல் டிப்பர் ஓட்டுகிறேன். சுரங்கத்துக்குள் அனல் பறக்கும், சட்டை முதுகோடு ஒட்டும். ஆனாலும் என் வயிற்றில், நீ பாதம் வைத்திருந்த அந்த இடத்தில், ஜில்லென்றுதான் இருக்கிறது மச்சான். என்ன வெயில் அடித்தாலும் போகவில்லை.